ஹைப்போ என்கிற தயோசல்பேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்கள், என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படிக்கும் பெரம்பூர், வியாசர்பாடிப் பிள்ளைகள், ஒரு காலத்தில் ஸ்டுடியோ நடத்திய பெரியவர்கள் என்று எல்லோரும் வேறு வேறு பெயரில் ஒரே பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சில கேள்விகளில் மீனின் உயிர் மட்டுமல்ல, ஆளின் உயிரும் இருக்கிறது. அதனால்தான் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

டீச்சர், ஆன்டி குளோரின், ஹைப்போ, சோடியம் தயோசல்பேட் – மூணும் ஒண்ணுதானா?

பெரும்பாலும் ஒன்றுதான். கடையில் கல்லாக விற்பது சோடியம் தயோசல்பேட். மீன் தொட்டித் தண்ணீரின் குளோரினைப் போக்கச் சின்ன பாட்டிலில் நீல நிறத்தில் வரும் ஆன்டி குளோரின், பல நேரங்களில் இதே கல்லைத் தண்ணீரில் கரைத்து நிறம் சேர்த்ததுதான். விலை கூடிய பாட்டில்களில் வேறு சில பொருள்களும் இருக்கும். லேபிளைப் படித்துப் பாருங்கள்.

இதில் வேலை செய்வது சோடியம் அல்ல, தயோசல்பேட் அயனி. சல்பேட் அயனியில் நடுவில் ஒரு கந்தக அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள். அந்த நான்கில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொரு கந்தக அணுவை வைத்தால் தயோசல்பேட். ஆக, இரண்டு கந்தகம், மூன்று ஆக்சிஜன், இரண்டு எதிர்மின் சுமை. வெளிப்பக்கம் நிற்கும் அந்த இரண்டாவது கந்தகம்தான் இந்தக் கேள்வி பதில் முழுக்க வேலை செய்யப் போகிறது.

பார்க்க கல்கண்டு மாதிரி இருக்கே, எங்க தோண்டி எடுக்கறாங்க?

தோண்டுவதில்லை, தயாரிக்கிறார்கள். சோடியம் சல்பைட் கரைசலில் கந்தகத்தூளைப் போட்டுக் கொதிக்கவைத்தால், கந்தகம் சல்பைட்டோடு சேர்ந்து தயோசல்பேட் ஆகிறது. வடிகட்டி ஆறவைத்தால் கல் படியும்.

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சுவையான விஷயம். இன்று உலகில் கிடைக்கும் கந்தகத்தின் பெரும்பங்கு எண்ணெய், எரிவாயு சுத்திகரிப்பின் துணைப்பொருள். 1969இலிருந்து இயங்கும் மணலி ஆலை போன்ற சுத்திகரிப்பு நிலையங்களில், கச்சா எண்ணெயில் உள்ள கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு பங்கை எரித்து சல்பர் டை ஆக்சைடாக்கி, மீதியோடு வினைபுரியவிட்டால் மஞ்சள் கந்தகம் கிடைக்கும். 2020 ஏப்ரலிலிருந்து நம் பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. எடுத்த கந்தகத்தில் பெரும்பகுதி சல்பூரிக் அமிலத்துக்குப் போகிறது. ஹைப்போவுக்குப் போவது கொஞ்சம்தான்.

கார்ப்பரேஷன்காரங்க தெளிக்கிற ஹைப்போவும் இதுதானே?

இல்லை. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் தெருத் தெருவாகத் தெளித்தது சோடியம் ஹைப்போகுளோரைட். அதையும் சுருக்கமாக ஹைப்போ என்கிறார்கள். அது குளோரினைத் தருகிற பொருள், தயோசல்பேட் குளோரினை அழிக்கிற பொருள். இரண்டும் நேர் எதிர். மீன் தொட்டிக்கு ஹைப்போ வாங்கிவா என்று பையனை அனுப்பி, அவன் துப்புரவுப் பொருள் கடையில் ஒரு கேனை வாங்கிவந்து ஊற்றினால் ஒரு மீன்கூட மிஞ்சாது.

அடையாளம் எளிது. ஹைப்போகுளோரைட் மூக்கில் ஏறும் குளோரின் வாசனையுள்ள திரவம். தயோசல்பேட் வாசனையற்ற, நிறமற்ற கல். கையில் கொஞ்சம் தண்ணீரோடு கரைத்தால் சில்லென்று இருக்கும். இரண்டையும் கெட்டியாக ஒரே வாளியில் கலக்காதீர்கள், சூடு கிளம்பும். கடையில் கேட்கும்போது முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நாம குடிக்கிற தண்ணிதானே, மீன் மட்டும் ஏன் சாகுது?

குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். வழியில் குழாய் ஒழுகிச் சாக்கடை கலந்தாலும் கிருமி சாக வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. அது இல்லாவிட்டால்தான் நாம் பயப்பட வேண்டும். நாம் குடிக்கும்போது அந்தத் துளி குளோரின் வாயிலும் வயிற்றிலும் உள்ள பொருள்களோடு வினைபுரிந்து முடிந்துவிடும்.

மீனுக்கு அப்படியில்லை. அதன் செவுள் முழுவதும் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய தோல். நொடிக்கு நொடி அந்தத் தண்ணீர் செவுளைத் தடவிக்கொண்டே போகிறது. லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்கூடப் பல மீன்களின் செவுளைப் புண்ணாக்கும்.

நூறு லிட்டர் தொட்டிக்கு எத்தனை கல் போடணும்?

கல்லை எண்ணிப் போடாதீர்கள். ஒரு கல் பருப்பளவு, இன்னொன்று புளியங்கொட்டையளவு. எடை போடுங்கள். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் கல் என்பது கணக்கு. இரண்டு தயோசல்பேட் அயனிகள் சேர்ந்து ஒரு குளோரின் மூலக்கூறை இரண்டு குளோரைடு அயனிகளாக மாற்றுகின்றன. மூலக்கூறு எடைகளைப் போட்டுப் பார்த்தால் இந்த 7 வரும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நூறு லிட்டர் தண்ணீருக்கு 0.7 கிராம்.

0.7 கிராமை வீட்டில் நிறுப்பது கஷ்டம். அதனால் 100 கிராம் கல்லைக் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7 மில்லி எடுத்தால் 0.7 கிராம். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, மீனைப் போடுவதற்கு முன்பே தனி வாளியில் கலந்துவிடுங்கள். வினை சில நொடிகளில் முடிந்துவிடும்.

குளோரின் எவ்வளவு என்று தெரியாமல் அளவு சொல்ல முடியாது. லாரித் தண்ணீரில் ஒரு நாள் தூக்கலாகவும் ஒரு நாள் லேசாகவும் இருக்கும். ஓ.டி. சொட்டு என்று சோதனைத் திரவம் கிடைக்கிறது. விட்டதும் தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள்.

நெட்ல ஒருத்தர் ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஒரு மில்லிகிராம் போதும்ங்கறார். நீங்க ஏழுங்கறீங்க?

இரண்டும் இருவேறு வினைகளுக்கான கணக்கு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது தயோசல்பேட்டைக் கடைசி வரை, சல்பேட் வரை ஆக்சிஜனேற்றம் செய்யும். அப்போது ஒரு அயனியே நான்கு குளோரின் மூலக்கூறுகளைத் தீர்த்துவிடும். தேவை சுமார் 0.9 மில்லிகிராம். நான் சொன்ன 7, வினை சல்பேட் வரை போகாமல் டெட்ராதயோனேட் என்ற இடைக்கட்டத்தோடு நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு. தொட்டியில் இரண்டும் கலந்து நடக்கும். மீன் விஷயத்தில் குளோரின் மிஞ்சக்கூடாது, அதனால் நான் 7இன் பக்கம் நிற்கிறேன்.

அதிகமா போயிட்டா?

இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போனாலும் மீனுக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது. இந்த அயனியின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. ஆனால் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டால் வேறு தொல்லை வரும். தொட்டியில் உள்ள சில பாக்டீரியாக்கள் மிஞ்சிய தயோசல்பேட்டைச் சல்பேட்டாக மாற்றும். அதற்குத் தண்ணீரின் ஆக்சிஜனைச் செலவழிக்கும், கூடவே அமிலத்தையும் உண்டாக்கும். பவர்கட்டில் காற்று மோட்டார் நின்றுபோன இரவில் இது மீனைத் திணறடிக்கும்.

ஒரு நாள் தண்ணிய பிடிச்சு வெச்சா குளோரின் தானா போயிடுமே?

வாய் அகன்ற தொட்டியில், காற்று விட்டுக்கொண்டே வைத்தால் போய்விடும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். அவசரமில்லை என்றால் நானும் அதையே செய்வேன். மூடிய சம்பிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் அது நடக்காது. சம்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் கண்டிப்பாகச் சோதித்துப் பாருங்கள்.

எங்க வீட்டுல போர் தண்ணி. அதுக்கும் போடணுமா? உப்பு குறையுமா?

போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, போட வேண்டாம். உப்பு, கடினத்தன்மை, இரும்பு எதையும் இது நீக்காது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே வந்திருக்கிறது. அந்த உப்புக்கு ஆர்.ஓ. வேண்டும், அல்லது மழைநீர். ஹைப்போ போட்டால் டி.டி.எஸ். துளி கூடத்தான் செய்யும்.

காட்டுப்பள்ளி கடல் தண்ணி பிளான்ட்லயும் இதத்தான் போடறாங்களா?

ஆர்.ஓ. சவ்வு குளோரின் பட்டால் அரித்துப்போகும், அதனால் அத்தகைய ஆலைகளில் சவ்வுக்கு முன் குளோரினை நீக்கியே ஆக வேண்டும். ஆனால் அங்கே வழக்கமாகப் பயன்படுவது சோடியம் பைசல்பைட். தயோசல்பேட்டின் நெருங்கிய உறவு. 7 கணக்கோடு ஒப்பிட்டால் எடைக்கு எடை குறைவாகச் செலவாகும், இடைநிலைப் பொருள்களும் சேராது.

தயோசல்பேட்டுக்கு வேறொரு முக்கிய இடம் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கிருமி உண்டா என்று சோதிக்க மாதிரி எடுக்கும் பாட்டிலில் முன்கூட்டியே இதைச் சிறிது போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் சோதனைக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமியைக் கொன்றுவிடும், தண்ணீர் சுத்தம் என்று தப்பான முடிவு வரும்.

ஆன்டி குளோரின் போட்டும் மீன் செத்துது. டூப்ளிகேட் மருந்தா?

இருக்கலாம். ஒரு கல்லைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பீட்டாடின் மருந்து ஒரு சொட்டு விடுங்கள். உண்மையான தயோசல்பேட் என்றால் பழுப்பு நிறம் உடனே மறைந்துவிடும். உப்பு, படிகாரம், சர்க்கரை இவற்றில் மறையாது. ஒரு எச்சரிக்கை: ஹைப்போகுளோரைட்டும் அயோடின் நிறத்தைப் போக்கும். ஆகவே குளோரின் வாசனையுள்ள திரவத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கல் சரியாக இருந்தும் மீன் செத்தால், நான் முதலில் சந்தேகப்படுவது அம்மோனியாவை. தண்ணீரில் குளோரினோடு அம்மோனியாவும் இருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரமின் ஆகியிருக்கும். தயோசல்பேட் அதிலுள்ள குளோரினை அழிக்கும், அம்மோனியாவை விடுவித்துவிட்டுப் போய்விடும். பிஹெச் 8க்கு மேல் இருக்கும் தண்ணீரில் அது கொடிய நஞ்சு. பழகிய பயோ ஃபில்டர் இருந்தால் பாக்டீரியா அதைச் சாப்பிடும்; புதுத் தொட்டியில் சாப்பிட ஆளில்லை. முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றுவதை விட்டுவிட்டு, கால் பங்கு மாற்றிப் பழகுங்கள்.

மே மாசத்துல டப்பாவுக்குள்ளேயே கல்லு தண்ணியா ஆயிடுச்சு. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. ஒவ்வொரு கல்லிலும் ஒரு பங்கு உப்புக்கு ஐந்து மூலக்கூறு தண்ணீர் படிகத்துக்குள்ளேயே இருக்கிறது. 48 டிகிரியில் கல் அந்தத் தண்ணீரிலேயே கரைந்து உருகிவிடும். தகரக் கூரைக் கடையில் அந்தச் சூடு சாதாரணம். ஆறிய பிறகும் சில நேரம் கட்டியாகாமல் திரவமாகவே நிற்கும். ஒரு சின்னக் கல்லை உள்ளே போட்டால் மொத்தமும் மளமளவென்று உறையும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், சூடாவதைக் கையில் உணரலாம்.

கரைத்துவைத்த கரைசல் கலங்கலாகி அடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படிந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். கொதித்து ஆறிய நீரில் கரைத்து, சிட்டிகை சலவை சோடா சேர்த்து, பழுப்பு பாட்டிலில் வைத்தால் நீண்ட நாள் நிற்கும்.

ஸ்டுடியோவுல இதுக்கு என்ன வேலை?

ஃபிலிமில் ஒளி பட்ட இடத்துச் சில்வர் புரோமைடு, டெவலப்பர் என்ற கரைசலில் கறுப்பு வெள்ளியாகிறது. ஒளி படாத இடத்தில் புரோமைடு அப்படியே இருக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அதுவும் கறுத்துப் படமே அழிந்துவிடும். தண்ணீரில் கரையாத அந்தப் புரோமைடை ஹைப்போ கரைத்துக்கொண்டு போகிறது. ஒரு வெள்ளி அயனியை இரண்டு தயோசல்பேட் அயனிகள் கந்தகப் பக்கத்தால் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளி உப்புகளை இது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்தார். இருபது ஆண்டு கழித்து, 1839இல் புகைப்படக்கலை பிறந்தபோது படத்தை நிலைக்கவைக்க அதையே எடுத்துக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் நம் பாட்டி தாத்தா கல்யாணப் படம் சுவரில் இருந்திருக்காது.

படங்கள் சில மஞ்சளாகி மங்கிப்போவதற்கும் பல நேரங்களில் காரணம் ஹைப்போதான். பிரின்டைச் சரியாக அலசாவிட்டால் காகிதத்தில் தங்கிய ஹைப்போ மெல்லச் சிதைந்து, வெள்ளியைச் சில்வர் சல்பைடாக மாற்றும். அதனால்தான் அந்தக் கால ஸ்டுடியோக்காரர்கள் ஓடும் தண்ணீரில் அவ்வளவு நேரம் அலசினார்கள்.

பழைய ஃபிக்ஸரைக் காவாயில ஊத்தலாமா?

கூடாது. ஃபிக்ஸர் என்பது படத்தை நிலைக்கவைக்கும் இந்த ஹைப்போ கரைசல்தான். கரைந்த வெள்ளி முழுவதும் அதில்தான் இருக்கிறது. வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. அதோடு அது காசு. மின்பகுப்பு முறையிலோ, இரும்புக் கம்பளியில் ஓடவிட்டோ வெள்ளியைத் திருப்பி எடுப்பார்கள். ஃபிலிம் எக்ஸ்ரே இன்னும் எடுக்கும் இடங்களில் ஃபிக்ஸரைத் தனிக் கேனில் சேர்த்து, முறையாக மீட்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

வெள்ளியைக் கரைக்குதுன்னா கொலுசை இதுல கழுவலாமா டீச்சர்?

வேண்டாம். கொலுசில் இருக்கும் கறுப்பு சில்வர் சல்பைடு. வெள்ளியை அது பிடித்திருக்கும் பிடி, தயோசல்பேட்டின் பிடியைவிட இறுக்கம். கரையாது, ஊறவைத்தால் இன்னும் கறுக்கவும் கூடும்.

தங்கத்தையும் கரைக்குமாமே?

கரைக்கும், ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சரியான சூழலும் துணைக்கு வேண்டும். கோலார் காலத்திலிருந்தே தங்கத் தாதுவைச் சயனைடில்தான் கரைத்தார்கள். கரிப்பொருள் கலந்த சில தாதுக்களில் சயனைடு கரைத்த தங்கத்தை அந்தக் கரியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அங்கே தயோசல்பேட் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் நெவாடாவில் கோல்ட்ஸ்ட்ரைக் சுரங்கம் 2014இல் இந்த முறையைப் பெரிய அளவில் தொடங்கியது. சயனைடு ஏரிகள் இல்லாமல் தங்கம் எடுக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

மிஸ், ஆசிட் ஊத்தினதும் ஏன் பால் மாதிரி ஆகுது?

அமிலத்தில் தயோசல்பேட் நிலைக்காது. வெளிக்கந்தகம் கழன்று நுண்துகளாக மிதக்கும், அதுதான் பால் நிறம். மீதி சல்பர் டை ஆக்சைடு வாயுவாகவும் தண்ணீராகவும் போகும். பீக்கருக்கு அடியில் காகிதத்தில் போட்ட பெருக்கல் குறி மறைய எத்தனை நொடி என்று அளக்கிறோமே, அது இந்தக் கந்தகம் சேரும் வேகம். தயோசல்பேட்டின் செறிவைப் பாதியாக்கினால் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

அந்த வாயு நெஞ்சைப் பிடிக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் நில்லுங்கள். வீட்டில் ஹைப்போ டப்பாவைப் பாத்ரூம் ஆசிட் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அப்போ மணலிப் பக்கம் சில நாள் வர்ற நாத்தம் இதானா?

தயோசல்பேட்டுக்கு நாற்றமே கிடையாது. கந்தகச் சேர்மங்களில் தீக்குச்சி உரசியதுபோல் மூக்கைக் குத்துவது மேலே சொன்ன சல்பர் டை ஆக்சைடு. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அது ஆலையிலிருந்தும் வரலாம், ஓட்டேரி நல்லா கால்வாயின் காற்றுப்புகாத சேற்றில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவிலிருந்தும் வரலாம். ஹைட்ரஜன் சல்பைடில் ஓர் ஆபத்து: அளவு கூடினால் மூக்கு மரத்து வாசனையே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று சாக்கடைக் குழிக்குள் யாரும் இறங்கக்கூடாது.

டைட்ரேஷன்ல ஸ்டார்ச்சை ஏன் கடைசியில போடச் சொல்றீங்க?

இந்த டைட்ரேஷன், தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அயோடின் எவ்வளவு என்று அளப்பது. அயோடின் நிறைய இருக்கும்போதே ஸ்டார்ச் போட்டால், அது அயோடினை இறுகப் பிடித்துக்கொள்ளும், முடிவுப்புள்ளி பிந்தும். வைக்கோல் நிறம் வந்ததும் போடுங்கள், நீலம் ஒரே சொட்டில் மறையும். இரண்டு தயோசல்பேட் அயனிகள் ஒரு அயோடின் மூலக்கூறை அயோடைடாக்கி, தாங்கள் டெட்ராதயோனேட் ஆகின்றன. குளோரின் கணக்கில் பார்த்த அதே வினைதான்.

இதைப் பரீட்சைக்கான வித்தை என்று நினைக்காதீர்கள். 1888இல் விங்க்லர் வகுத்த முறையில், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அதற்குச் சமமான அயோடினாக மாற்றி, தயோசல்பேட்டால் அளக்கிறார்கள். 200 மில்லி மாதிரிக்கு 0.025 மோலார் கரைசல் ஒரு மில்லி செலவானால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். 30 டிகிரியில் நல்ல நன்னீரில் ஏறக்குறைய 7.5 இருக்கும். கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று வாய்ச்சண்டை போடாமல் எண்ணில் காட்ட, சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான ஒரு பியூரெட் போதும்.

கந்தகத்தோட ஆக்சிஜனேற்ற எண் +2ன்னு புக்ல இருக்கு. ஆனா ரெண்டு கந்தகமும் ஒண்ணு இல்லைங்கறீங்க?

+2 என்பது சராசரி. பரீட்சையில் சராசரி கேட்டால் அதை எழுதுங்கள். உண்மையில் நடுக்கந்தகமும் வெளிக்கந்தகமும் ஒன்றல்ல. நடுவில் +6, வெளியே −2 என்று சொல்வது ஒரு முறை, +5, −1 என்பது இன்னொரு முறை. எண்ணைப் பங்கிடும் வழக்கம்தான் வேறு.

ஒன்றல்ல என்பதற்குச் சோதனை ஆதாரம் அழகானது. சாதாரண சல்பைட்டோடு கதிரியக்கக் கந்தகத்தைச் சேர்த்துத் தயோசல்பேட் செய்து, பிறகு அமிலம் விட்டார்கள். கதிரியக்கம் முழுவதும் வீழ்படிவான கந்தகத்தில் வந்துவிட்டது, வாயுவில் இல்லை. வெளியே சேர்ந்தது வெளியிலேயே இருந்து, வெளியாகவே கழன்றது.

சயனைடுக்கு மாத்து மருந்துன்னு படிச்சேன். பட்டறையில ஒரு டப்பா வெச்சிக்கலாமா?

மருந்து என்பது உண்மை. நம் உடலில் ரோடனீஸ் என்ற நொதி, தயோசல்பேட்டின் வெளிக்கந்தகத்தை எடுத்துச் சயனைடோடு சேர்த்துத் தயோசயனேட் ஆக்குகிறது. அது மிகவும் நச்சு குறைந்தது, சிறுநீரில் வெளியேறிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. சிஸ்பிளாட்டின் புற்றுநோய் மருந்தால் குழந்தைகளுக்குக் காது கேளாமல் போவதைக் குறைக்கவும் 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் கடையில் விற்கும் கல் அந்த மருந்து அல்ல. மருந்து கிருமி நீக்கிய ஊசிக் கரைசல். நரம்பில், மருத்துவர் கையால், பெரும்பாலும் வேறு மருந்தோடு சேர்த்து ஏற்றப்படுவது. கல்லைக் கரைத்து வாயில் ஊற்றினால் உடலில் சரியாகச் சேராது, பொன்னான நிமிடங்கள் வீணாகும். சயனைடு புழங்கும் முலாம் பட்டறையில் யாராவது மயங்கி விழுந்தால், உங்களுக்கும் வாயு தாக்காதபடி காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். துணியில் கரைசல் சிந்தியிருந்தால் கையுறை போட்டுக் கழற்றுங்கள். உடனே 108ஐ அழைத்து, சயனைடு என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.